வரிசையில் இன்மைக்கு இடம்

முத்துக்குளித்துறை என்று நெடுங்காலமாகப் பெயர் வழங்கிவரும் நமது கடற்கரையிலே, சலாபம் நடந்த காலங்களில் முத்துக்களைத் தரம்பிரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. அடியில் துளையிட்ட பித்தளைக் கிண்ணங்கள் பத்துக் கொண்ட தொகுதி ஒன்றை வணிகர் வைத்திருப்பர். முதற் கிண்ணத்தில் துளைகள் 20. கடைசிக் கிண்ணத்தில் 1000. துளைகளின் தொகை ஏற ஏற ஒவ்வொரு துளையும் சிறுத்துப்போகும். ஆகவே பரிய முத்து முதற் கிண்ணத்திலேயே தங்கிவிட, சிறியது நழுவி அடுத்ததற்கு இறங்கும். எல்லாவற்றிலும் நழுவிக் கீழே விழுவது தூள் எனப்படும். பின்னர் உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி முதலான வகைகளாக வகுத்து, எடையும் நிறுத்து, விலை மதிப்பர்.

இம்முறையில் ஐயத்திற்கு இடமில்லை. ஏனெனின், கிண்ணத்தில் இடப்படுவது முத்து ஒன்றே. முத்தில்லாத சிப்பியை எக்கிண்ணத்தில் இடுவது என்று கேட்பார் எவருமிலர். ஆயின் ஒருவன் முத்துக்களை விடுத்துச் சிப்பிகளையே, அவற்றினுள் இருக்கும் முத்தின் அளவுப்படி வரிசையாக அடுக்க விரும்புகின்றான் என்று கொள்வோம். இப்போது வினா எழுந்துவிடும். முத்தே இல்லாத சிப்பியை எங்கே வைப்பது? தூள் முத்துடைய சிப்பிக்கும் கீழே வைப்பதா, வரிசைக்குப் புறம்பே தனிக்குவியலாக வைப்பதா, குப்பையில் எறிந்துவிடுவதா? இன்னும் வாய் திறக்கப்படாத சிப்பி ஒன்று கிடந்தால் அதன் இடம் யாது? முன்னதில் முத்து இல்லை என்பது நமக்குத் தெரியும். பின்னதில் உண்டோ இல்லையோ, நமக்குத் தெரியாது. இரண்டிற்கும் எழுதத்தக்க அளவு ஒன்றுமில்லை என்பது மட்டுமே ஒற்றுமை.

இவ்வினாவே கோட்டுருத் தரவுத்தளம் என்னும் கணினிச் சாதனத்தைக் கையாள்வோருக்கு நாள்தோறும் எதிர்ப்படுவது. அதனை நம் கடற்கரைச் செய்திகளையே கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

தரவுத்தளம் என்றவுடன் நம்மிற் பலர் நினைப்பது கட்டங்கள் வரைந்த பேரேட்டை. கோட்டுருத் தரவுத்தளம் அத்தகையதன்று. அதில் பொருள்கள் கணுக்களாகவும், பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள உறவுகள் தொடுப்புக்களாகவும் வைக்கப்படும். ஒரு வலையை நினைத்துக்கொள்க. முடிச்சுக்கள் கணுக்கள், முடிச்சுக்களை இணைக்கும் நூல் தொடுப்பு. தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் கிடக்கும் முத்துப் பார்கள் ஒவ்வொன்றும் ஒரு கணு என்க: தொல்லாயிரம் பார், பாசிப் பார், குடமுத்துப் பார் என்றாற்போல. ஒரு பாரை அதிகாரிகள் ஆளிறக்கிப் பார்வையிட்டால் அப்பார்வையீடு ஒரு கணுவாகிப் பாருடன் தொடுக்கப்படும். பார்வையீட்டின்போது மாதிரிக்காகச் சிப்பிகள் எடுத்து அழுகவிட்டுக் கழுவி மதித்திருப்பின் அம்மதிப்பு மற்றொரு கணு. மதிப்பு நன்றாயிருந்து சலாபம் நடத்தப்பெற்றால் அச்சலாபம் இன்னொரு கணு; ஆண்டு, எடுத்த சிப்பிகளின் தொகை முதலியன அதன் பண்புகள்.

கடல் நமக்கு அடங்கியதன்று. பார்வையிட்ட பார்களிலெல்லாம் சிப்பி இருப்பதில்லை; சிப்பி இருந்த பார்களிலெல்லாம் சலாபம் நடந்ததில்லை. இளஞ்சிப்பி செறிந்து கிடந்த பார் மறு ஆண்டில் வெறும் மணலாய்க் காணப்பட்டதும் உண்டு. இக்கரையில் 1926, 1927, 1928 ஆகிய மூன்றாண்டுகளில் அடுத்தடுத்துச் சலாபம் நடந்தது. அதன்பின் 1955 வரை நீண்டதோர் இடைவெளி. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்து, பின்னர் நின்றுபோயிற்று. எட்கர் தர்ஸ்டன் 1889-இல் நடந்த சலாபத்தைப் பற்றியும், ஜேம்ஸ் ஹார்னெல் 1905 முதல் பல ஆண்டுகள் இப்பார்களைப் பற்றியும் எழுதிய அறிக்கைகளைப் புரட்டுவோர்க்கு, ஒரு பாரின் வரலாற்றில் நிரம்பிய பக்கங்களைவிட வெற்றுப் பக்கங்களே மிகுதி என்பது விளங்கும். எனவே பாரிலிருந்து சலாபத்திற்குச் செல்லும் பாதை சில பார்களுக்கு உண்டு. பல பார்களுக்கு இல்லை.

இனி வினவுவோம். 'ஒவ்வொரு பாரையும், அதில் சலாபம் நடந்த ஆண்டையும் தருக' என்று தரவுத்தளத்தைக் கேட்டால், அது பாரிலிருந்து சலாபம்வரை தொடுப்புள்ள இடங்களை மட்டும் தேடித் தரும். தொடுப்பில்லாத பார் விடையில் தோன்றாது. பிழை என்று எச்சரிக்கையும் வராது. நூறு பார் உள்ள இடத்தில் முப்பது பாரே விடையாக வந்தால், பார்கள் முப்பதே என்று நம்பிவிடக் கூடும். இத்துறையில் முதன்முதல் விழும் பள்ளம் இதுவே.

இதற்கு மாற்றாக 'சலாபம் இருந்தால் தருக, இல்லையேல் பாரை மட்டுமாவது தருக' என்று கேட்கும் வாய்ப்பை வினவல் மொழிகள் அளிக்கின்றன. நியோ ஃபார் ஜே என்னும் தரவுத்தளத்தின் மொழியாகிய சைஃபரில் இதற்கு ஆப்ஷனல் மேட்ச் என்று பெயர். உலகளாவிய வலைச் சங்கத்தார் 2008-இல் தரப்படுத்திய ஸ்பார்க்கிள் மொழியில் ஆப்ஷனல் என்பதே சொல். நாம் இதனை விருப்பப் பாதை என்போம். விருப்பப் பாதையால் எல்லாப் பார்களும் விடையில் இடம்பெறும். சலாபமில்லாத பாருக்கு ஆண்டின் இடம் வெறுமையாக நிற்கும். இவ்வெறுமையைக் கணினியார் 'நல்' என்ற ஆங்கிலச் சொல்லாற் குறிப்பர். தமிழில் அச்சொல் நன்மையை உணர்த்தி மயக்கம் விளைக்குமாதலின், யான் வெறுமை என்றே எழுதுகின்றேன்.

பார் காணாமற்போகும் குறை இவ்வாறு தீர்ந்தது. வரிசையின் குறை இங்கேதான் தொடங்குகின்றது. அ, ஆ, இ, ஈ என நான்கு பார்கள் இருப்பதாக எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். அ-வில் கடைசிச் சலாபம் 1889-இல், ஆ-வில் 1961-இல், ஈ-யில் 1927-இல் நடந்தது, இ-யில் ஒன்றுமில்லை. ஆண்டின்படி ஏறுவரிசையில் அடுக்குக என்று இரு மொழிகளிலும் கட்டளையிடுவோம். சைஃபர் தரும் விடை: அ, ஈ, ஆ, இ. ஸ்பார்க்கிள் தரும் விடை: இ, அ, ஈ, ஆ. தரவு ஒன்றே, வினாவும் ஒன்றே, விடையின் தலையும் வாலும் வேறு. காரணம், சைஃபர் மொழி வெறுமையை எல்லா மதிப்புக்களினும் பெரியதாகக் கொண்டு ஏறுவரிசையின் ஈற்றில் வைக்கின்றது. ஸ்பார்க்கிளோ எல்லாவற்றினும் சிறியதாகக் கொண்டு முதலில் வைக்கின்றது. இறங்குவரிசையில் இரண்டும் இடம்மாறும். அண்மையில் சலாபம் நடந்த பார் முதலில் வருக என்று சைஃபரில் கேட்டால், ஒருபோதும் சலாபம் காணாத இ-யே முன்வந்து நிற்கும்! கட்டமுறைத் தரவுத்தளங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. போஸ்ட்கிரஸ் வெறுமையைப் பெரியதென்றும், மைசீக்குவல் சிறியதென்றும் கொள்ளும். எவரும் பிழை செய்தாரல்லர். இல்லாத ஒன்றுக்கு இயல்பான இடம் எதுவுமில்லையாதலின், அவரவர் தமக்கு இசைந்த இடத்தில் வைத்தனர், அவ்வளவே.

இது வெறும் அழகுக் குறை என்று தள்ளத்தக்கதன்று. நெடுங்காலம் குளிக்கப்படாத பார்களை முதலில் ஆராய்வோம் என்று ஒரு குழுவினர் தீர்மானித்து, படகும் குளியாட்களும் மூன்று பார்களுக்கே போதுமென்பதால் வரிசையில் முதல் மூன்றை மட்டும் தருக என்று கேட்கின்றனர் எனின், ஸ்பார்க்கிளில் கேட்டவர் இ, அ, ஈ என்பவற்றுக்குச் செல்வர். சைஃபரில் கேட்டவர் அ, ஈ, ஆ என்பவற்றுக்குச் செல்வர். பின்னவர் கண்ணில் இ என்ற பார் படவே படாது. விருப்பப் பாதை இட்டு அரிதிற் காப்பாற்றிய பாரை வரிசையும் வரம்பும் கூடி மீண்டும் கடலில் தள்ளிவிட்டன. முதல் பத்து, முதல் இருபது என்று வரம்பிட்டுக் கேட்பதே இன்றைய வழக்கமாதலின், இவ்வகை மறைவே மிகப் பெரிது என்பது என் கருத்து. முழுப் பட்டியலைப் படிப்பவனாவது ஈற்றில் வெற்றிடங்களைக் கண்டு ஐயுறுவான். முதல் மூன்றை மட்டும் படிப்பவனுக்கு ஐயுறவும் வழியில்லை.

மருந்து எளியது. வரிசைக்கு ஒரு திறவுகோலுக்குப் பதிலாக இரண்டு தருக. முதலாவது திறவுகோல் 'ஆண்டு வெறுமையா?' என்னும் வினா. அதன் விடை ஆம் அல்லது அன்று. இரண்டாவது திறவுகோல் ஆண்டு. இரு மொழிகளிலும் 'அன்று' என்பது 'ஆம்' என்பதற்கு முற்பட்டதாக எண்ணப்படும். ஆகவே இவ்வாறு அடுக்கினால் ஆண்டுள்ள பார்கள் முன்னும் ஆண்டில்லாதவை பின்னும் வரும். முதலாவதைத் திருப்பிப் போட்டால் இல்லாதவை முன்வரும். இரண்டாவதை ஏற்றினாலும் இறக்கினாலும் வெறுமையின் இடம் மாறாது. மொழியின் வழக்கத்தைச் சார்ந்திராமல் நம் கருத்தை நாமே எழுதிவிட்டோம். கோட்டுரு மொழிகளுக்கென 2024-இல் வெளிவந்த ஜீக்யூஎல் என்னும் சர்வதேசத் தரம், வெறுமை முதலிலோ ஈற்றிலோ என்பதை வினவலிலேயே சொல்ல இடந்தருகின்றது. நாம் கையாளும் தரவுத்தளம் அதனை ஏற்கும்வரை இரு திறவுகோல் முறையே போதுமானது. மூன்றாவதாகப் பாரின் பெயரையும் திறவுகோலாகச் சேர்த்தல் நலம். வெறுமையுடைய பார்கள் இருபது இருப்பின் அவை தம்முள் சமம். சமமானவற்றை எந்த ஒழுங்கில் தருவதென்று கணினிக்குக் கட்டுப்பாடில்லை. இன்று ஒருவிதமாகவும் நாளை ஒருவிதமாகவும் தரலாம். பெயரால் முடிவு கட்டிவிட்டால் என்றும் ஒரே விடை.

பலர் இம்மருந்தை விடுத்து வேறொன்றைக் கொள்கின்றனர். வெறுமை கண்ட இடத்தில் ஓர் எண்ணை இட்டு நிரப்பிவிடுவது அது. கோவலெஸ் என்னும் வினைக்கருவி இதற்கு உதவும். ஆண்டில்லையேல் 0 என்றோ 9999 என்றோ கொள்க எனக் கட்டளையிட்டால் வரிசை நாம் விரும்பியவாறு அமையும். வரிசைக்கு மட்டும் பயன்படுத்தினால் குற்றமில்லை. ஆனால் அவ்வெண் அச்சில் ஏறி, இன்ன பாரில் 9999-ஆம் ஆண்டு சலாபம் நடைபெற்றது என்ற அரிய செய்தி வெளிப்படுமாயின் நகைப்புக்கு இடமாகும். நகைப்போடு முடியின் நன்று. நிரப்பிய 0 சராசரிக் கணக்கில் கலந்துவிட்டால் நகைப்பாரும் இரார்.

நாம் நிரப்பாமலே கணினி நிரப்பிவிடும் இடமும் உண்டு. ஒவ்வொரு பாரிலும் இதுவரை எடுத்த சிப்பிகளின் கூட்டுத்தொகையைக் கேட்டு, அதன்படி வரிசைப்படுத்துவோமாயின், சைஃபர் மொழியில் வெறுமைகளின் கூட்டுத்தொகை 0. சலாபமே நடவாத பாரும், சலாபம் தொடங்கி ஒரு சிப்பியும் தேறாமற் கைவிடப்பட்ட பாரும் ஒரே 0-வைப் பெற்றுப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். முன்னது நமது அறியாமை. பின்னது பொருட்செலவில் பெற்ற அறிவு. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் பட்டியலைக் கொண்டு எவர்தாம் எதனைத் தீர்மானிக்க இயலும்? மிகப் பெரிய ஆண்டு, மிகச் சிறிய ஆண்டு என்று கேட்டால் இவ்விடர் இல்லை. மதிப்பு ஒன்றுமே இல்லாதபோது அவை வெறுமையாகவே விடை தரும். எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். விடையின் நிரைகளை எண்ணுக என்றால், சலாபமில்லாத பாருக்கும் ஒரு நிரை இருப்பதால் விடை 1. சலாபக் கணுக்களை எண்ணுக என்றால் விடை 0. ஒரு சொல்லின் வேறுபாட்டால் நடவாத சலாபம் நடந்ததாகிவிடும்.

மிகுதியாலும் வரிசை கெடும். ஒரு பாரில் ஏழு சலாபம் நடந்திருந்தால் விடையில் அப்பார் ஏழு நிரைகளில் ஏழிடத்தில் தோன்றும். ஆகையால் வரிசைப்படுத்துமுன் ஒரு பாருக்கு ஒரு நிரையாகச் சுருக்கி, கடைசி ஆண்டையோ முதலாண்டையோ எடுத்துக்கொள்ளல் வேண்டும். விருப்பப் பாதைகள் இரண்டானால் கேடு பெருகும். சலாபம் மூன்றும் பார்வையீடு ஐந்தும் உள்ள பாருக்கு இரு பாதைகளையும் ஒருங்கே கேட்டால், ஒவ்வொரு சலாபமும் ஒவ்வொரு பார்வையீட்டோடும் சேர்ந்து பதினைந்து நிரைகளாகும். அவற்றின்மேல் சிப்பிகளைக் கூட்டினால் உண்மைத் தொகையின் ஐந்து மடங்கு வந்து நிற்கும். பார்வையீடு அடிக்கடி நடந்த பார் செல்வமிக்க பார்போல் வரிசையின் உச்சிக்கு ஏறிவிடும். முதற் பாதையைக் கேட்டுச் சுருக்கி முடித்த பின்னரே இரண்டாம் பாதையைக் கேட்பது முறை.

இன்னொரு பள்ளம் நிபந்தனையின் இடத்தைப் பற்றியது. சலாபத்தை விருப்பப் பாதையாகக் கேட்டு, '1900-க்குப் பின் நடந்தவை மட்டும்' என்றொரு நிபந்தனையும் விதிக்கின்றோம். அந்நிபந்தனை விருப்பப் பாதையின் உள்ளே அமைந்தால், 1900-க்குப் பின் சலாபமில்லாத பார் வெறுமையோடு பட்டியலில் தங்கும். பாதை முடிந்தபின் புறத்தே அமைந்தால் அப்பார் உதிர்ந்துவிடும். வெறுமை 1900-ஐவிடப் பெரிதா என்று கேட்டால் விடை ஆமென்றுமில்லை, அன்றென்றுமில்லை. அதுவும் ஒரு வெறுமையே. நிபந்தனையோ ஆம் என்ற விடையை மட்டும் உள்ளே விடும் காவலன். ஒரு வரி மேலோ கீழோ என்பதில் பாரின் இருப்பு அடங்கியிருக்கின்றது.

இதுகாறும் வெறுமையை ஒரே வகையாகக் கொண்டு பேசினோம். உண்மையில் அது ஒரு வகையன்று. நம் நாட்டுத் தருக்க நூலார் இன்மையை நான்காக வகுத்தனர். திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியதால் அப்பகுப்பு தமிழிலும் வழங்குகின்றது. ஒரு பொருள் தோன்றுவதற்கு முன்னுள்ள இன்மை முன்னபாவம். அழிந்தபின் உள்ள இன்மை அழிவுபாட்டபாவம். எக்காலத்தும் இல்லாமை முழுதும் அபாவம். இது அதுவன்று என்னும் இன்மை ஒன்றினொன்றபாவம். நான்காவது நமக்கு இங்கு வேண்டுவதன்று. முதல் மூன்றும் கணினியின் வெற்றிடத்தில் ஒரே முகத்தோடு நிற்பதுதான் தொல்லை. சலாபம் காணாத பாரை முழுதும் அபாவத்தில் சேர்க்கலாமோவெனின், இனியொரு காலத்தில் நடக்கக் கூடுமாதலால் அது முன்னபாவமே என்று தருக்கம் வல்ல மாணவர் வாதிடலாம். அவ்வாதத்தை அவர்களுக்கே விட்டுவிடுகின்றேன்.

முன்னபாவத்திற்கு ஐயமற்ற சான்று நம் துறைமுகத்தில் உண்டு. 1974-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ. உ. சிதம்பரனார் பெயர் தாங்கும் துறைமுகத்துக்கு வரும் கப்பல், வந்தவுடனே தளத்தில் அணையாது. தளம் ஒழிவில்லையேல் வெளிக்கடலில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும். கப்பல் ஒரு கணு, தளம் ஒரு கணு, அணைதல் இரண்டையும் இணைக்கும் தொடுப்பு என்று வைத்தால், நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்கு அத்தொடுப்பு இல்லை. அணைந்த நேரமும் வெறுமை. அதன் பொருள் 'இல்லை' என்பதன்று, 'இன்னும் இல்லை' என்பது. கப்பல்கள் காத்திருந்த நேரத்தின் சராசரியைக் கேட்டால், வெறுமையைக் கணினி சராசரியிலிருந்து விலக்கிவிடும். விலக்கப்படுபவை எவை? இன்னும் காத்துக்கொண்டிருக்கும் கப்பல்களே! நெருக்கடி முற்றிய நாளில் நெடிது நிற்பவை கணக்கில் வாராமல், சராசரி செம்மையாகத் தோன்றும். இங்கு வெறுமையை நிரப்பத்தான் வேண்டும். நிரப்பும் மதிப்பு 0 அன்று, வினவும் நேரத்திலிருந்து வந்த நேரத்தைக் கழித்துக் கிடைப்பது. அதுவும் முடிந்த காத்திருப்பன்று, இதுவரையிலான காத்திருப்பே என்ற குறிப்போடு நிற்க வேண்டும். அவ்வாறு நிரப்பினால் நெடிது நிற்கும் கப்பல் இறங்குவரிசையின் தலையில் தானே வந்து அமையும்.

மூன்றும் ஒருங்கே கலந்து கிடக்கும் இடம் நம் கடலோரத் திருச்சபைகளின் பதிவேடுகளாகும். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்திறங்கிய இக்கரையின் ஊர்களில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்பன ஏடுகளில் எழுதப்பட்டு வருகின்றன. ஞானஸ்நான ஏட்டையும் விவாக ஏட்டையும் வைத்துக் காக்கவேண்டுமென்று திரிதெந்துச் சங்கம் 1563-இல் விதித்தது. அடக்க ஏடும் 1614-இன் உரோமச் சடங்கு நூலால் வழக்கமாயிற்று. சீர்திருத்தத் திருச்சபைகளும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டன. இவ்வேடுகளைக் கோட்டுருவாக்கினால் ஆள் ஒரு கணு, அவர் ஞானஸ்நானம் ஒரு கணு, அடக்கம் ஒரு கணு. வமிச வரலாறு ஆராயும் மாணவர் ஒருவர், ஓர் ஊரின் மக்களை அடக்கத் தேதியின்படி வரிசையாகத் தருக என்று கேட்கின்றார் என்க.

அடக்கத் தொடுப்பு இல்லாதவர் எவரெவர்? உயிரோடிருப்பவர் ஒருவர், அவர்க்கு அது முன்னபாவம். வியாபாரத்தின்பொருட்டுக் கொழும்பு சென்று அங்கேயே மாண்டவர் ஒருவர். அவர் அடக்கம் வேறோர் ஏட்டில் இருக்கிறது, இவ்வேட்டில் இல்லை. செல்லரித்த பக்கத்தில் எழுதப்பட்டிருந்தவர் ஒருவர். அவர்க்கு அது அழிவுபாட்டபாவம். தோணியோடு கடலிற் போய்த் திரும்பாதவர் ஒருவர். அவர் இறந்தது ஊரறிந்தது, அடக்கம் செய்ய உடல் கிடைத்ததில்லை. இந்நால்வர்க்கும் தரவுத்தளம் தருவது ஒரே வெற்றிடம். பாதையைக் கட்டாயமாக்கினால் நால்வரும் மறைவர். விருப்பமாக்கி ஏறுவரிசையில் அடுக்கினால் ஒரு மொழியில் நால்வரும் தலையிலும், மற்றொரு மொழியில் நால்வரும் வாலிலும் கிடப்பர். இவ்வூரில் இன்ன நூற்றாண்டில் மாண்டோர் இத்தனை பேர் என்று அவ்வரிசையைக் கொண்டு ஒருவர் எழுதினால், அக்கணக்கில் விட்டுப்போவோர் கடலோடிகளாகவே இருப்பர். கடலையே பிழைப்பாகக் கொண்ட ஊரின் வரலாற்றில் இது சிறு பிழையன்று.

இங்கே இரு திறவுகோல் முறையும் போதாது. ஏனெனின் இடம் குறிக்கவேண்டிய வெறுமைகள் நான்கு. வரிசையாக்கத்துக்கு முன்னே, தரவை ஏற்றும்போதே, இன்மையின் காரணத்தையும் ஒரு செய்தியாக எழுதிவைத்தல் வேண்டும். கடலில் மறைந்தவர்க்கு அடக்கத் தொடுப்பு இல்லாவிடினும் இறப்புக் கணு ஒன்று உண்டாக்கி, தேதி தெரிந்தமட்டில் ஆண்டையாவது அதில் இடலாம். கொழும்பு சென்றவர்க்கு அவ்விடத்து ஏட்டைச் சுட்டும் தொடுப்பு இடலாம். செல்லரித்த பக்கத்தை அழிந்த பக்கம் என்றே ஒரு கணுவாக்கி, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களின் தேதிகளைக் கொண்டு இன்ன காலத்துக்கு இடைப்பட்டது என்று எல்லை குறிக்கலாம். உயிரோடிருப்பவர்க்கு ஒன்றும் வேண்டுவதில்லை. உண்மையாகவே வெறுமையாக நிற்கத்தக்கவர் அவர் ஒருவரே. பின்னர் வினவலில், இறப்பாண்டு தெரிந்தவர்க்கு 1, எல்லை மட்டும் தெரிந்தவர்க்கு 2, வேற்றூர் ஏட்டில் இருப்பவர்க்கு 3, உயிரோடிருப்பவர்க்கு 4 என்று ஒரு வரிசையெண் கற்பித்து, அதனை முதல் திறவுகோலாகவும், ஆண்டை இரண்டாவதாகவும், பெயரை மூன்றாவதாகவும் கொடுக்கலாம். சைஃபரில் கேஸ் என்னும் சொல்லும், ஸ்பார்க்கிளில் இஃப் என்னும் சொல்லும் இவ்வெண்ணைக் கற்பிக்க உதவுவன.

வேலை மிகுதி என்பார் உளர். மெய்தான், ஓர் ஊரின் ஏடுகளை இவ்வாறு ஏற்ற மாதங்கள் செல்லும், வெற்றிடத்தை வெற்றிடமாகவே விட்டால் வாரங்களில் முடிந்துவிடும். எனினும் அம்மாதங்களைச் செலவிட்டுப் பெற்ற பட்டியலில், கடலிற் போனவரின் பெயர் அவருடன் மாண்ட தலைமுறையினரின் பெயர்களுக்கு நடுவே, தமக்குரிய ஆண்டில் வந்து நிற்கும். அடக்கம் என்ற நிரலில் தேதிக்குப் பதிலாக 'கடலில்' என்று எழுதியிருக்கும்.